பங்காளி வெளிச்சம்

பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேண்டில் கட்டுவதென்றால் வீட்டில் யாரோ ஒருவருக்குத்தான் கை நடுங்காமல் வரும். பட்டுப் பை மாதிரி இருக்கும் அந்த வலையை நூலால் முடிந்து, கொளுத்தி, சாம்பலாக்கி, சாம்பல் உதிராமல் காற்றடித்தால் வெள்ளை வெளேரென்று வெளிச்சம் வரும். தா.பழூர்ப் பக்கத்துக் கல்யாண ஊர்வலங்கள் ஒரு காலத்தில் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தன. இன்று அதே ஊர்ப் பெண் மேலுதட்டு முடியை எடுக்க மதனத்தூர் பாலம் தாண்டிக் கும்பகோணம் போகிறாள். குளிரூட்டிய அறையில் கண்ணுக்குத் தெரியாத வேறொரு வெளிச்சம் அவள் முகத்தில் படுகிறது. இரண்டும் பங்காளி வெளிச்சங்கள்.

மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1885இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டில் இன்னொன்றும் செய்தார். அதுவரை ஒரே தனிமம் என்று எண்ணியிருந்த ‘டிடிமியம்’ என்ற பொருளை இரண்டாகப் பிரித்தார். பிரிந்ததில் ஒன்றின் பெயர் நியோடிமியம். கிரேக்கத்தில் ‘புது இரட்டை’ என்று பொருள். மேண்டில் உலகமெல்லாம் எரிந்தது. நியோடிமியத்துக்கு ஏறக்குறைய எண்பது வருஷம் பெரிய வேலை வரவில்லை.

மேண்டிலுக்கு அன்று தோரியம் வேண்டியிருந்தது. அதைத் தேடி அலைந்த காலத்தில், 1909இல், ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் கயிற்று நாரோடு ஒட்டி வந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அந்த மணல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையுடையது. அன்றைக்குத் திருவிதாங்கூர், 1956க்குப் பிறகு நம்முடைய கன்னியாகுமரி மாவட்டம். மோனசைட்டில் தோரியத்தோடு நியோடிமியமும் இருக்கிறது. தோரியம் அணுசக்திக்கும் ஆகும் என்பதால் இன்று அதைக் கையாள்வது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம். கும்பகோணத்து லேசர் மெஷினுக்குள் இருப்பது நம்மூர் மணல்தான் என்று சொல்ல வரவில்லை. குலம் ஒன்று, அவ்வளவுதான்.

1960 மே மாதம் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் மாணிக்கக் கல் உருளை ஒன்றிலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். நான்கு வருஷம் கழித்து பெல் ஆய்வகத்தில் நியோடிமியத்துக்கு வேலை கிடைத்தது. இட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த செயற்கைக் கோமேதக வகைப் படிகத்தை உருக்கி வளர்க்கும்போது, இட்ரியம் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று போல நியோடிமியத்தை வைத்தார்கள். இளம் ஊதா நிறத்தில் பென்சில் துண்டு மாதிரி ஒரு கம்பி கிடைத்தது. பக்கத்தில் விளக்கைப் பளிச்சிட வைத்தால் அதிலிருந்து 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி வரும். அகச்சிவப்பு, கண் பார்க்காது. சிகிச்சையின்போது தோலில் தெரியும் சிவப்புப் புள்ளி குறி வைப்பதற்காக மட்டும்.

இந்த ஒளி முடியைத் தேடிப் போவது முடியிலுள்ள கறுப்பை, அதாவது மெலனினை வைத்து. அந்தக் கறுப்பு தோலிலும் இருப்பதுதான் சிக்கல். அமெரிக்காவின் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் 1983இல் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். டம்ளர் காபி சீக்கிரம் ஆறும், அண்டா வெந்நீர் ஆற நேரமாகும் இல்லையா? தோலின் மேலடுக்கிலுள்ள மெலனின் துணுக்கு டம்ளர். முடியின் வேர்ப்பை அண்டா. ஒளியை ஒரே அடியாகக் கொட்டாமல் சில மில்லி நொடிகளுக்கு நீட்டிக் கொடுத்தால் தோல் ஆறிக்கொண்டே வரும், வேரில் சூடு தங்கிவிடும்.

அமெரிக்காவில் 1995இல் முடி நீக்க முதலில் அனுமதி வாங்கியதே நியோடிமியக் கருவிதான். கரித்தூள் கலந்த திரவத்தைத் தோலில் தேய்த்து, மிகக் குறுகிய துடிப்பாக ஒளியைப் பாய்ச்சினார்கள். சில மாதத்தில் முடி திரும்பி வந்தது. அடுத்த ஆண்டே மாணிக்க லேசர் பற்றிய ஆய்வு வெளியாகி, பெயர் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் மாணிக்கத்தின் 694 நானோமீட்டர் ஒளியை மெலனின் ஆசையோடு உறிஞ்சும். வெள்ளைத் தோலும் கறுப்பு முடியும் உள்ளவர்களுக்கு அது வரம். நடவு வயலில் நின்ற நம் தோலில் பட்டால் முடிக்கு முன்னால் தோல் வெந்துபோகும். நீண்ட துடிப்போடு நியோடிமியம் திரும்பி வந்தது நம் போன்றவர்களுக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. அலைநீளம் கூடினால் மெலனின் உறிஞ்சுவது குறையும், ஒளியும் ஆழமாக இறங்கும்.

அதனால் “எத்தனை சிட்டிங், எவ்வளவு ஆகும்?” என்று கேட்பதற்கு முன்னால், “என்ன மெஷின், என்ன அலைநீளம்?” என்று கேட்பது நல்லது. 755 என்றால் அலெக்சாண்டிரைட். 800 சொச்சம் என்றால் டயோடு. மாநிறத்துக்குக் கவனமாகக் கையாண்டால் அதுவும் ஆகும். நல்ல கறுப்புக்கு 1064. கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் முகத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம். முதலில் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லவும் வெட்கப்பட வேண்டாம்.

போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே த்ரெட்டிங், வேக்ஸிங் நிறுத்த வேண்டும். வேரையே பிடுங்கிவிட்டால் ஒளிக்குப் பிடிமானம் ஏது? ஷேவ் செய்யலாம். வெயிலில் போகாதீர்கள் என்பார்கள். ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவருக்கு எழுதிய வாக்கியம் அது. நாற்றுப் பறிக்கிறவர் தை, மாசிக்கு மேல் அறுப்பு முடிந்து வீட்டிலிருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குவதும், சன்ஸ்க்ரீனோடு முக்காடு போடுவதும்தான் நடக்கிற காரியம். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டுவார்கள். ஒவ்வொரு துடிப்பும், தாளிக்கும்போது தெறித்த கடுகு கையில் பட்டாற்போல் சுள்ளென்று இருக்கும். லேசாகப் பொசுங்கும் வாசனை வரும். சில மணி நேரத்துக்குச் சிவந்து தடித்திருக்கும். கொப்புளம் வந்தாலோ தோல் கறுத்தாலோ வெளுத்தாலோ பார்லரில் களிம்பு கேட்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்த இரண்டு, மூன்று வாரத்தில் முடி மிளகுத் தூள் மாதிரி தலைகாட்டி உதிரும். முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வளரும் பருவத்திலுள்ள முடியை மட்டுமே ஒளி பிடிக்கும். உறங்குகிற வேர் எழுந்த பிறகு மறுபடி வர வேண்டும். முகத்துக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு எட்டுத் தடவை. நரை முடிக்கு இது வேலைக்காகாது. பூனைமுடியைத் தொடாமலிருப்பதே நல்லது. கஸ்தூரி மஞ்சள் பூசுவதோடு நிறுத்திக்கொண்ட பாட்டிகள் புத்திசாலிகள். கன்னத்திலும் கழுத்திலும் லேசர் பட்டு மெல்லிய முடி தடித்து வளர்வதும் உண்டு. மாதவிலக்கு தள்ளிப்போய்த் தாடையில் முரட்டு முடி முளைக்கிற பெண்ணுக்கு முதலில் ஹார்மோன் பரிசோதனை வேண்டும். சினைப்பை நீர்க்கட்டியைக் கவனிக்காமல் முடியை மட்டும் சுட்டால் அது வந்துகொண்டேதான் இருக்கும். ‘நிரந்தரம்’ என்று போர்டு வைத்திருந்தாலும், அமெரிக்க அனுமதியின் வாசகம் ‘நிரந்தரக் குறைப்பு’ என்பதுதான்.

மாசியில் முதல் தடவை பாலம் தாண்டும்போது கொள்ளிடத்தில் மணல்தான் கிடக்கும். மேட்டூரில் உபரி திறந்துவிட்டால் நான்காவது, ஐந்தாவது தடவைக்கு இரு கரை தொட்டுத் தண்ணீர் ஓடும். எட்டாவது தடவை பஸ் ஏறும்போது அந்தத் தண்ணீரும் வடிந்து, மணல் திட்டுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியிருக்கும்.