மூச்சா, மாத்திரையா? – ஒரு பி.பி. வரலாறு

"இன்னாத்துக்குப்பா மாத்திரை? டெய்லி காலையில மூச்சுப் பயிற்சி பண்றேன். தலை சுத்தல்கூட இல்ல."

போன தீபாவளிக்கு வாணியம்பாடி போயிருந்தப்போ அப்பா அடிச்ச டயலாக் இது. மூணு மாசமா பி.பி. மாத்திரையை அவராவே நிறுத்திட்டாராம். நான் வாங்கிட்டுப் போன மெஷினைக் கையில் கட்டிப் பார்த்தா 178/106. அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி பார்த்தேன். 174/104. எனக்குத்தான் தலை சுத்துச்சு.

அவரை மட்டும் குறை சொல்லவும் மனசு வரலை. டாக்டர் அவருக்கு ஒதுக்கினது ரெண்டே நிமிஷம். "உப்பைக் குறைங்க, டென்ஷன் ஆகாதீங்க, நெக்ஸ்ட்!" இருபத்தஞ்சு வருஷம் தோல் ஷாப்புல உப்புத் தோலோட மல்லுக்கட்டின மனுஷன், டென்ஷன் ஆகாம இருக்கறது எப்படின்னு யார்கிட்ட போய்க் கேப்பார்? டி.வி.யில பார்த்துக் கத்துக்கிட்டார்.

சரி, இந்த மூச்சு விஷயத்துல உண்மையிலேயே சரக்கு இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா, கதை நம்ம நாட்டுலேர்ந்துதான் கிளம்புது!

முதல்ல ஒரு ஃப்ளாஷ்பேக். 1944 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு பி.பி. 186/108. உலகத்தின் பெரிய தலை, ஆனா கொடுக்க உருப்படியான மருந்து இல்லை. ஓய்வெடுங்க, உப்பைக் குறைங்க, சிகரெட்டைக் குறைங்க, அவ்வளவுதான். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார். வயது 63. நாலே வருஷத்தில், 1949-ல், பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகில், சர்ப்பகந்தா வேர் பி.பி.யைக் குறைக்கிறது என்று பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். மாத்திரை யுகம் சூடு பிடித்தது.

இருபது வருஷம் கழித்து, அதே பம்பாயில் கே.ஈ.எம். மருத்துவமனை. டாக்டர் கே.கே. டாத்தேயும் சகாக்களும் 47 பி.பி. நோயாளிகளுக்கு சவாசனம் சொல்லிக் கொடுத்து, 1969-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தினமும் அரை மணி நேரம் படுத்து, உள்ளே போகும் காற்றின் குளிர்ச்சியையும் வெளியே வரும் காற்றின் சூட்டையும் மூக்கு நுனியில் கவனிக்க வேண்டும். மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் பேருக்கு டோஸைக் குறைக்க முடிந்தது. கவனிங்க, குறைத்தது டாக்டர்கள்!

அடுத்து சீன் லண்டனுக்குப் பக்கத்தில் க்ராய்டன். அங்கே இந்திய வம்சாவளி டாக்டர் சந்திரா பட்டேல், 20 நோயாளிகளோடு இதையே செய்து 1973-ல் லான்செட் இதழில் எழுதினார். 5 பேருக்கு மாத்திரையை முழுசா நிறுத்த முடிந்தது. 7 பேருக்கு டோஸ் குறைந்தது. 4 பேருக்கு பி.பி. கட்டுப்பாடு முன்னைவிட மேம்பட்டது. 4 பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை. 1975-ல் 34 பேரைக் குலுக்கல் முறையில் ரெண்டாப் பிரித்தார். சும்மா ஓய்வெடுத்த குழு 169/101-லிருந்து 160/96. பயிற்சி பெற்ற குழு 168/100-லிருந்து 141/84!

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது வேற. பி.பி.ன்னா என்ன, மூச்சைக் கவனிச்சா உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு நோயாளிகளுக்குப் படம் போட்டு விளக்கினார். கைக்கடிகாரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டச் சொன்னார். மணி பார்க்கும் போதெல்லாம் பொட்டு கண்ணில் படும், தோளைத் தளர்த்தி மூச்சைக் கவனிக்கணும். எவ்வளவு சிம்பிள்!

1985-ல் அவர் இன்னொரு வேலை செய்தார். இதய நோய் வரும் அபாயம் இருந்த 192 பேர். எல்லாருக்கும் அறிவுரைத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் கூடவே வாரம் ஒரு மணி நேரம், எட்டு வாரம் வகுப்பு. நாலு வருஷம் கழித்துப் பார்த்தாலும் வகுப்புக்குப் போனவர்களுக்கு பி.பி. குறைவாகவே இருந்தது. காகிதம் ஜெயிக்கலை, உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததுதான் ஜெயிச்சது.

எதிர்த் தரப்பும் உண்டு. 1990-ல் நெதர்லாந்தில் நாள் முழுக்க அளக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தபோது, தளர்வுப் பயிற்சியால் பெரிய பலன் தெரியவில்லை. பிறகு கபட்-ஜின் 1979-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'மைண்ட்ஃபுல்னெஸ்' வழியில் பிரவுன் பல்கலைக்கழகம் ஒரு சோதனை நடத்தி 2023-ல் வெளியிட்டது. 201 பேர், ரெண்டு குழு. பயிற்சி பெற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் மேல் அளவு மற்றவர்களைவிட சுமார் 4.5 கூடுதலாகக் குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனா 178-லிருந்து 4.5 போனா என்ன மிச்சம்? கணக்கு நீங்களே போட்டுக்குங்க.

இதைத்தான் அப்பாகிட்ட பேப்பர்ல எழுதிக் காட்டினேன். "மூச்சை விடச் சொல்லலைப்பா. மாத்திரையும் போடு, மூச்சும் பாரு. டோஸ் குறைக்கணும்னா டாக்டர் குறைக்கட்டும்." கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இதை அன்னிக்கே யாராச்சும் இப்பிடிச் சொல்லியிருந்தா..." என்றார்.

2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினாங்க. மாத்திரை வீட்டு வாசலுக்கே வருவது பெரிய விஷயம். மாத்திரையோட பத்து நிமிஷப் பேச்சும் சேர்ந்து வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

அப்பா வாட்சில் இப்போ ஒரு சிவப்புப் பொட்டு இருக்கு. அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு :-) போன வாரம் பி.பி. 138/86. பாதிப் புகழ் மாத்திரைக்கு. மீதி எதுக்குன்னு எங்களுக்குள்ள இன்னும் சண்டை நடக்குது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க வீட்டிலும் யாராவது மாத்திரையை நிறுத்திட்டாங்களான்னு இன்னிக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்க மக்களே.