குண்டும் சங்கிலியும்

ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். இரும்புக் கவசம் போட்ட வீரன் கையில் ஒரு குட்டைத் தடி. அதன் நுனியில் சங்கிலி. சங்கிலியின் முனையில் முள் வைத்த இரும்புக் குண்டு. அதைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டே குதிரையில் பாய்ந்து வருவான். கம்ப்யூட்டர் கேம்களிலும் இந்த ஆயுதம் தவறாமல் வந்துவிடும்.

ஆனால் நிஜமான போர்க்களத்தில் இது எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதில் வரலாற்று ஆய்வாளர்களுக்கே பெரிய சந்தேகம் உண்டு! பழைய ஓவியங்களில் இது இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகங்களில் உள்ளவற்றில் பல, 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்டவை என்கிறார்கள். கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும். குறி தவறினால் குண்டு சுற்றிக்கொண்டு வந்து வீசியவன் மேலேயே விழும். பக்கத்தில் நிற்கும் சொந்தப் படைக்காரனுக்கும் ஆபத்து. அடுத்த வீச்சுக்குத் தயாராவதற்குள் எதிரி கத்தியைச் செருகிவிடுவான்.

விவசாயி கையில் வந்த ஆயுதம்

உண்மையில் போரில் ஜெயித்தது இதன் ஏழை அண்ணன்தான். ஐரோப்பிய விவசாயிகள் கதிரடிக்க ஒரு கோல் வைத்திருந்தார்கள். நீளமான கைப்பிடி, அதன் நுனியில் சின்னச் சங்கிலியாலோ தோல் வாராலோ கட்டிய இன்னொரு கட்டை. அவ்வளவுதான். இன்றைய செக் நாட்டில் உள்ள பொஹீமியாவில் 1419இல் ஹுஸ்ஸைட் போர்கள் தொடங்கின. யான் ஜிஷ்கா என்ற ஒற்றைக்கண் தளபதி, விவசாயிகளைச் சேர்த்துப் படை திரட்டினார். அவர்கள் அந்தக் கோலின் கட்டையில் இரும்புப் பட்டையும் ஆணிகளும் அடித்து, வண்டிகளின் மறைவில் நின்றபடி குதிரை வீரர்களை அடித்துத் துரத்தினார்கள். இவர்களை ஒடுக்க வந்த சிலுவைப் படையெடுப்புகள் ஒன்றல்ல, ஐந்து. ஐந்தும் தோற்றன.

கடலில் ஜெயித்தது, நிலத்தில் தோற்றது

பாய்மரக் கப்பல் காலத்தில், இரண்டு குண்டுகளைச் சங்கிலியால் இணைத்துப் பீரங்கியில் வைத்துச் சுடுவார்கள். அது சுழன்று போய் எதிரிக் கப்பலின் பாய்களையும் கயிறுகளையும் கிழித்து எறியும். கப்பல் நகர முடியாமல் நின்றுவிடும்.

இதை நிலத்தில் செய்து பார்க்க ஆசைப்பட்டவர் ஜான் கில்லெலண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது, 1862இல், ஜார்ஜியா மாநிலத்தின் ஆதென்ஸ் நகரில் 350 டாலர் நன்கொடை வசூலித்து இரட்டைக் குழல் பீரங்கி ஒன்றைச் செய்தார். இரண்டு குழல்களும் ஒரே நொடியில் வெடிக்க வேண்டும் என்பதுதான் திட்டம். வெடிக்கவில்லை. சோதனையில் சோளக்கொல்லை பாழானது. சங்கிலி அறுந்து ஒரு குண்டு வீட்டுப் புகைபோக்கியை இடித்தது, இன்னொன்று ஒரு பசுவைக் கொன்றது என்கிறார்கள். அந்தப் பீரங்கி இன்னமும் ஆதென்ஸ் நகரில் காட்சிக்கு இருக்கிறது!

தோற்காத இடம்

குண்டும் சங்கிலியும் தன் வேலையைத் தவறாமல் செய்த இடம் ஒன்று உண்டு. அது மனிதனின் கால்.

பிரான்சில் 1798இல் வந்த சட்டப்படி, 20 முதல் 25 வயது வரையுள்ள ஆண்களை ராணுவத்துக்குக் கட்டாயமாக எடுக்கலாம். கிட்டத்தட்டக் கல்லூரி வயது! பலர் படையை விட்டு ஓடினார்கள். 1803இல் நெப்போலியன் அரசு அவர்களுக்கு ஒரு தண்டனை கொண்டுவந்தது. 8 பவுண்டு பீரங்கிக் குண்டு, அதாவது சுமார் 4 கிலோ. அதைக் கட்டி இழுக்க இரண்டரை மீட்டர் சங்கிலி. எதிரியைச் சுட வேண்டிய குண்டு, போருக்குப் போக மறுத்த பையனின் காலுக்கு வந்துவிட்டது.

1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இதைச் சிறைக் கைதிகளுக்கும் விரித்தது. கடின உழைப்புத் தண்டனை பெற்ற ஆண்கள் காலில் குண்டை இழுக்க வேண்டும், அல்லது இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைக்கப்பட வேண்டும் என்று 15ஆம் பிரிவே சொன்னது. துலோன் துறைமுகத்தில் 1748 முதல் 1873 வரை இருந்த கைதிகள் முகாம் மிகவும் பேர்போனது. விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசரபிள்' நாவலில், ரொட்டி திருடிய ழான் வல்ழான் 19 வருடம் கிடந்தது இங்கேதான். சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த 'ஏழை படும் பாடு' அந்த நாவல்தான். 1950இல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது.

1854இல் சட்டம் மாறியது. அதன்பின் எல்லாக் கைதிக்கும் குண்டு கிடையாது. சிறைக்குள் தவறு செய்தால் தண்டனையாகவோ, பாதுகாப்புக்காகவோ மட்டும் மாட்டலாம் என்றார்கள்.

இன்று இது வெறும் ஜோக். கார்ட்டூனில் கோடுபோட்ட சட்டைக் கைதி குண்டை இழுத்துக்கொண்டு நடப்பான். ஆங்கிலத்தில் மனைவியைக் கேலியாகக் 'காலில் கட்டிய குண்டு' என்பார்கள். நம் ஊரிலும் "ஒரு கால்கட்டு போட்டால் பையன் சரியாகிவிடுவான்" என்பதில்லையா? சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஒரு காலத்தில் இருபது வயதுப் பையன் நிஜமாகவே அதை இழுத்துக்கொண்டு கல் உடைக்கப் போனான்.

வீரன் சுழற்றிய குண்டைப் பற்றித்தான் சந்தேகம். கைதி இழுத்த குண்டைப் பற்றிச் சந்தேகமே இல்லை. அது சட்டப் புத்தகத்தில் எடையோடும் நீளத்தோடும் எழுதியே இருக்கிறது. ஆனால் சினிமா ஞாபகம் வைத்திருப்பது என்னவோ வீரனை மட்டும்தான்!