தண்ணீரை நட்ட விவசாயி

மழை குறைந்த ஊரில் பயிர் செய்பவனுக்கு முதல் எதிரி எது? வெயில் என்போம், வறட்சி என்போம். அன்றைய ரொடீசியாவின் கறுப்பின விவசாயிகளைக் கேட்டிருந்தால், அரசாங்கம் வெட்டச் சொன்ன வாய்க்காலையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள்!

இன்றைய ஜிம்பாப்வேதான் அன்றைய ரொடீசியா. 1930-ல் வந்த நிலப் பங்கீட்டுச் சட்டம், நாட்டின் ஏறத்தாழ பாதி நிலத்தைச் சிறுபான்மை வெள்ளையர்களுக்கு ஒதுக்கியது. பெரும்பான்மை மக்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வறண்ட, மணற்பாங்கான பகுதிகள். சிறிய இடத்தில் ஆட்களும் மாடுகளும் பெருக, புல் அழிந்தது. மேல்மண் மழையோடு போனது.

மண் அரிப்பைத் தடுக்க அரசு ஒரு வழி சொன்னது. சரிவுக்குக் குறுக்கே கரை போட்டு, அதையொட்டி லேசான சாய்வுடன் வாய்க்கால் வெட்ட வேண்டும். மழைநீர் வயலை அரிக்காமல் வாய்க்கால் வழியாக ஓடைக்குப் போய்விடும். மழை கொட்டும் ஊருக்கு நல்ல யோசனைதான். ஆனால் வறண்ட நிலத்தில், வந்த கொஞ்சத் தண்ணீரையும் வழியனுப்பி வைத்தது இந்த வாய்க்கால். வெட்டாதவர்களுக்கு அபராதம் வேறு. அதனால் வாய்க்கால் வெட்ட மறுப்பதே விடுதலைப் போராட்டத்தின் ஒரு பகுதியாக மாறியது.

இந்தச் சூழலில்தான் செபனையா ஃபிரி மசேகோ விவசாயத்துக்கு வந்தார். 1927-ல் பிறந்தவர். ரயில்வேயில் வேலை பார்த்தவரை, அரசியலில் ஈடுபட்டதற்காக 1964-ல் வேலையை விட்டு நீக்கினார்கள். வேறு வேலையும் கிடைக்கவில்லை. கையில் இருந்தது ஸ்விஷவானே பகுதியில் சுமார் 3 ஹெக்டேர் மேட்டு நிலம். ஆண்டு மழை சராசரியாக 570 மி.மீ. அந்தச் சராசரியையும் நம்ப முடியாது; ஒரு வருடம் வெள்ளம், அடுத்த வருடம் பஞ்சம்.

ஃபிரி முதலில் செய்தது, மழை பெய்யும்போது நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்தது. தண்ணீர் எங்கே வேகமாக ஓடுகிறது? எங்கே தங்குகிறது? நிலத்துக்கு மேலே ஒரு பெரிய கருங்கல் பாறை இருந்தது. அதில் விழும் மழைதான் கீழே பாய்ந்து மண்ணை அள்ளிக்கொண்டு போனது. பாறையின் அடிவாரத்தில் கற்களை அடுக்கி அந்த வேகத்தைக் குறைத்தார். வடிந்த நீரைச் சிமெண்ட் பூசாத குட்டைகளில் விட்டார். சிமெண்ட் பூசாததே இதில் முக்கியம்! நீர் குட்டையில் நின்று ஆவியாவதைவிட, மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கும் வேருக்கும் போவதுதான் அவருக்கு லாபம்.

அரசாங்க வாய்க்காலை என்ன செய்தார்? அதை அவர் தூர்க்கவில்லை. அதற்குள்ளேயே ஆழமான குழிகளை வெட்டினார். ஓடைக்குப் போக இருந்த நீர் குழிகளில் நின்று மண்ணில் ஊறியது. வெளியேற்றுவதற்காக வெட்டிய வாய்க்கால், சேமிக்கும் வாய்க்காலாக மாறிவிட்டது. மேட்டில் இறங்கிய நீர் நாளடைவில் கீழ்ப்பகுதியை ஈரமாக்கியது. அங்கே வாழை வந்தது, மீன் குளமும் வந்தது. தண்ணீரைத் தேக்குவதாகச் சொல்லாமல், நடுவதாகவே அவர் சொல்வார்.

சட்டம் சும்மா இருக்குமா? ஈர நிலத்திலும் நீர்வழியிலும் பயிர் செய்வதைத் தடுக்கும் விதிகள் இருந்தன. ஃபிரி வழக்குகளைச் சந்தித்தார். விடுதலைப் போர் நடந்த 1970-களில் சிறையும் சித்திரவதையும் அனுபவித்தார். 1980-ல் நாடு சுதந்திரம் அடைந்தது. அதன் பிறகு மற்ற விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுக்க ஸ்விஷவானேயில் ஒரு நீர்த் திட்ட அமைப்பைத் தொடங்கினார். வெளிநாட்டினர் உட்பட ஆயிரக்கணக்கானோர் அவர் நிலத்தைப் பார்க்க வந்தார்கள். 2006-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் சங்கம், ஆப்பிரிக்க இயற்கைப் பாதுகாப்புக்கான பஃபெட் விருதை அவருக்கு வழங்கியது. 2015-ல் அவர் மறைந்தார்.

மண்ணைக் காக்க வேண்டும் என்பதில் அரசுக்கும் ஃபிரிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நாடு முழுமைக்கும் ஒரே அளவில் வாய்க்கால் வரைந்தது அரசு. தன் 3 ஹெக்டேரில் மழை எந்த வழியாக வருகிறது என்று நனைந்துகொண்டே பார்த்தவர் ஃபிரி. வாய்க்கால் ஒன்றுதான், அதில் குழி வெட்ட வேண்டும் என்பது, அந்த நிலத்தை நம்பிச் சாப்பிட வேண்டியிருந்தவருக்குத்தான் தெரிந்தது.