தழுவக் குழைந்த தொன்மம்: கழுவாயா, வழிபாடா?

காஞ்சிபுரத்துத் திருவேகம்பத்தில் உமையம்மை கம்பையாற்றங்கரையில் மணலால் இலிங்கம் அமைத்து வழிபட்டாள்; பெருகிவந்த வெள்ளத்துக்கு அஞ்சி அதனைத் தழுவ, இறைவன் குழைந்து வெளிப்பட்டான் என்பது பலரும் அறிந்த தலவரலாறு. இறைவனின் கண்களைப் புதைத்த குற்றத்துக்குக் கழுவாயாகவே அம்மை இவ்வழிபாட்டை மேற்கொண்டாள் என்பது இன்று பரவலாகக் கூறப்படும் காரணமாகும். இக்காரணம் தொன்மத்தின் மூலக்கூறா, பிற்சேர்க்கையா என்பதை இலக்கியச் சான்றுகளின் கால அடைவில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுந்தரரின் திருக்கச்சி ஏகம்பப் பதிகம் (ஏழாம் திருமுறை) நெடுகிலும் உமையின் வழிபாடு பேசப்படுகிறது. அதன் பத்தாம் பாடல் நிகழ்ச்சியை விரித்துரைக்கிறது. வெள்ளத்தைக் காட்டி அச்சுறுத்துபவன் இறைவனே. அம்மை வெருவி ஓடித் தழுவியதும் வெளிப்படுபவனும் அவனே. இவ்விளையாட்டு நோக்கியே சுந்தரர் அவனைக் கள்ளன் என உரிமையோடு சுட்டுகிறார். அம்மை ஏன் வழிபட்டாள் என்பதற்கு அவர் காரணம் கூறவில்லை. இழந்த கண்ணைக் காஞ்சியில் பெற்றவர் அவர். இப்பதிகத்தில் கண்ணைப் பற்றிய பேச்சு அடியவரின் கண்ணைப் பற்றியதேயன்றி, இறைவனின் கண் மறைக்கப்பட்டதைப் பற்றியதன்று.

காரணத்தை விளங்க உரைப்பவர் 12ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார். திருக்குறிப்புத் தொண்டர் புராணத்தில் அம்மை கயிலையில் ஆகமப் பொருளைக் கேட்கிறாள். இறைவன் விரும்புவது பூசனையே என்றறிந்ததும் தானே அதனைச் செய்ய விழைகிறாள். இங்குக் குற்றமும் இல்லை, சாபமும் இல்லை. வரம் கேட்கும் வேளையிலும் அவள் தனக்கென எதுவும் வேண்டவில்லை. இப்பூசனை என்றும் நிலைபெற வேண்டும். எல்லா அறங்களையும் இந்நகரில் தான் செய்ய வேண்டும். திருவடிக்குப் பிழைத்தல் ஒழிய, இங்குள்ளோர் எது செய்யினும் தவப்பயன் பெற வேண்டும் என்பனவே அவள் வேண்டுகோள்கள். காமக்கோட்டத்தில் முப்பத்திரண்டு அறம் புரப்பவள் என்னும் அம்மையின் பெருமை இவ்வேண்டுதலோடு பிணைந்துள்ளது.

கண்புதைத்த செய்தி பிற்காலத் தலபுராணங்களில் இடம்பெறுகிறது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் 'திருக்கண் புதைத்த சருக்கம்' எனத் தனிப்பகுதியே உண்டு. சிவஞான முனிவரின் (மறைவு 1785) காஞ்சிப் புராணத்திலும் இக்கூறு காணப்படுகிறது. தெய்வம் மண்ணுலகுக்கு வருதற்குக் குற்றம், கழுவாய் என்னும் காரணத்தொடர் அமைத்தல் தலபுராண மரபில் இயல்பு. தலத்தின் பாவம் போக்கும் ஆற்றலுக்கு அம்மையே முதற்சான்றாகிறாள்.

எனவே வெள்ளம், அச்சம், தழுவல், வெளிப்பாடு ஆகிய நான்குமே இத்தொன்மத்தின் பழைய உட்கரு எனலாம். காரணம் பின்னர் வந்தது. அதுவும் ஒன்றன்று, இரண்டு. இவ்வேறுபாடு சிறிதன்று. கழுவாய் எனக் கொண்டால் அம்மை மன்னிப்புப் பெற்றவள் ஆகிறாள். சேக்கிழார் வழி நின்றால் ஒரு நகரத்துக்காக வரம் பெற்றவள் ஆகிறாள். பின்னையதைக் கொண்டே முன்னையதைப் படிக்கும் வழக்கம், பெரியபுராணம் காட்டும் அம்மையை நம் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.