மட்டசனமும் தோட்டத்துக் கள்ளுக்கடையும்



சிரம்பான், போர்ட்டிக்சன், தம்பின், பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த வாக்குவாதம் புதிதாக இராது. மாலையில் கள்ளுக்கடைப் பக்கம் நடக்கிறவரைப் பார்த்து, கோவிலுக்குப் போய்வந்த கத்தோலிக்கத் தொழிலாளி, "வேணாம் அண்ணே, குடி குடியைக் கெடுக்கும்" என்பார். உடனே பதில் வரும்: "ஒங்க சாமியாரே பூசையில ரசம் குடிக்கிறாரே, தம்பி!" பக்கத்து லயத்து மெதடிஸ்ட் குடும்பத்தார் இருவரையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் கோவிலில் அதுவும் கிடையாது. வேதப் புத்தகம் ஒன்றாக இருக்க, இந்த வேறுபாடு எப்படி வந்தது? நம் தோட்டங்களுக்கு வந்தபோது அது என்ன ஆயிற்று? இவற்றை இன்று பார்ப்போம்.

வேதாகமத்திலேயே இரண்டு குரல்கள் உண்டு. கானாவூர்க் கலியாணத்தில் தண்ணீர் திராட்சரசமாயிற்று. அடிக்கடி நோய்ப்பட்ட தீமோத்தேயுவுக்கு, வயிற்றின் நன்மைக்காகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் எழுதினார். அதே பவுல் எபேசு சபைக்கு எழுதும்போது குடிவெறியைக் கண்டித்தார். நோவா தம் திராட்சைத் தோட்டத்தின் ரசத்தைக் குடித்து ஆடை விலகிக் கிடந்த கதையும் அங்கே இருக்கிறது. குடிகாரனின் சிவந்த கண்களையும், எப்படிப் பட்டதென்று அவனுக்கே தெரியாத காயங்களையும் நீதிமொழிகள் வருணிக்கிறது. தமிழ் வாசகருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. "திராட்சரசம்" என்ற சொல்லைப் பழச்சாறு என்றும் கொள்ளலாம், மது என்றும் கொள்ளலாம். ஆகவே குடிக்காதவர் ஒருவிதமாகவும் குடிப்பவர் வேறுவிதமாகவும் அதே வரியை வாசித்து, இருவரும் திருப்தியாக எழுந்து போக முடிந்தது!

கத்தோலிக்கத் திருச்சபை மதுவைப் பாவம் என்று சொல்லவில்லை. தெரிந்தே அறிவிழக்கும் அளவுக்குக் குடிப்பதைத்தான் கனமான பாவம் என்றது. பழைய ஞானோபதேசத்தில் பிள்ளைகள் தலையான பாவங்கள் ஏழையும் அவற்றுக்கு எதிரான புண்ணியங்களையும் மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். போசனப்பிரியத்துக்கு எதிரான புண்ணியம் மட்டசனம். உண்பதிலும் குடிப்பதிலும் மட்டோடு இருப்பது என்று பொருள். இன்று அநேகமாக வழக்கொழிந்த இந்தச் சொல் நல்ல சொல் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மெதடிஸ்ட் வழி வேறு. ஜான் வெஸ்லி 1743-இல் தம் சங்கத்தாருக்கு வகுத்த விதிகளில், குடிவெறியோடு, வடித்தெடுத்த சாராயத்தை வாங்குவதும் விற்பதும் குடிப்பதும், மிக அவசியமான வேளையில் தவிர, விலக்கப்பட்டன. கவனியுங்கள்: விற்பவனும் அந்த விதிக்குள் வந்தான். இது நமக்குப் பின்னால் உதவும். வெஸ்லி ஒயினை முழுவதும் விலக்கியவர் அல்லர். ஒரு துளியும் கூடாது என்ற பேச்சு பிறகு எழுந்தது. 1832-இல் இங்கிலாந்தில் பிரஸ்டன் என்ற பஞ்சாலை நகரில் ஜோசப் லிவ்சியும் அவர் தோழர்களுமாக ஏழு பேர் முழு மதுவிலக்கு உறுதிமொழியில் கையொப்பமிட்டார்கள். 1838-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் தியோபால்ட் மேத்யூ என்ற கத்தோலிக்கக் குருவே அத்தகைய இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார். ஆகவே கத்தோலிக்கர் எல்லாரும் மட்டசனத்தோடு நின்றுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையைத் திருவிருந்துக்கென்றே கண்டார். 1885-இல் சிங்கப்பூரில் இறங்கிய மெதடிஸ்ட் மிஷன் இந்தப் பழக்கத்தோடுதான் இத்தேசத்துக்கு வந்தது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம்.

தென்னம்பாளையிலிருந்து காலையில் இறக்கிய கள் இனிப்பாக இருக்கும். காற்றிலுள்ள நுண்ணுயிர் சேர்ந்து சில மணி நேரத்தில் போதை ஏறிவிடும். மறுநாள் புளித்துக் காடியாகிப் போகும். தேக்கிவைத்து விற்க முடியாத சரக்கு. இறக்கிய அன்றைக்கே குடித்தாக வேண்டும். குடிக்கிறவன் பக்கத்திலேயே கடை அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் கள்ளுக்கடை அரசாங்க உரிமத்தின்பேரில் தோட்ட நிர்வாகத்தாலேயே நடத்தப்பட்டது. அதன் லாபம் தொழிலாளர் நலநிதியில் சேர்ந்தது. பந்து விளையாட்டுக்கும் திருவிழாவுக்கும் அதிலிருந்து பணம் வந்தது. குடித்தவன் காசில் குடிக்காதவன் பிள்ளைக்குப் பந்து! இதை நன்மை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கள் சத்துள்ளது, சம்சுவைப் போலக் கொல்லாது, கடையை மூடினால் திருட்டுச் சம்சு பெருகும் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிற்காலத்தில் மலிவுச் சம்சு எத்தனை வீடுகளைக் காலிசெய்தது என்பதை நாம் கண்டோம்.

இருந்தாலும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. பிரிட்டனில் 1883-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மதுக்கடையில் வைத்துத் தொழிலாளிக்குக் கூலி கொடுப்பதைத் தடுத்தது. கூலியும் கோப்பையும் ஒரே இடத்தில் இருந்தால் வீட்டுக்கு என்ன போய்ச்சேரும் என்பதை அந்நாட்டார் அறிந்திருந்தார்கள். அதே நாட்டுத் துரைமார் நிர்வகித்த தோட்டத்தில், சம்பளம் கொடுத்ததும் கள் விற்றதும் ஒரே நிர்வாகம். வெள்ளியைக் கொடுத்த கையே மாலையில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. சம்பள நாளில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடை வேலியருகே நின்ற தாய்மாரை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கணவர் உள்ளே போவதற்குள் அரிசிக் காசையாவது வாங்கிவிட வேண்டும் என்று நின்றவர்கள் அவர்கள்.

மட்டசனம் என்ற சொல், அளவு குடிப்பவன் கையில் இருப்பதாக எண்ணிச் சொல்லப்பட்டது. விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, பால் வெட்டி, வாளி சுமந்து, பிற்பகலில் ஓய்ந்து உட்காருபவனுக்கு, தோட்டத்தில் கூடிப்பேச வேறு எந்த இடம் இருந்தது? கோவிலில் கேட்ட போதனை பெரும்பாலும் குடிப்பவனை நோக்கியே பேசியது. விற்பவனைப் பற்றிய வெஸ்லியின் பாதி விதி தோட்டத்தில் அதிகம் ஒலித்ததாக நாம் எண்ணவில்லை.

விற்பவனைக் கேட்டவர்கள் தொழிலாளர்களே. 1937-இல் இராஜாஜி அரசாங்கம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. நம் தோட்டங்களுக்கு ஆள் வந்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. 1941-இல் பக்கத்து மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, துரையின் எதிரில் சைக்கிளை விட்டு இறங்காதிருக்கும் உரிமை ஆகிய கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இருந்தது. தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை மறியல் நடத்தினார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் போலீசாருடன் நேர்ந்த மோதலில் தொழிலாளி ஒருவர் இறந்தார். நம் நெகிரி செம்பிலானில் 1946-இல் இந்தியத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதில் உழைத்த பி.பி. நாராயணன், 1954-இல் பல சங்கங்கள் இணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நெடுங்காலம் நடத்தினார்.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதே லயத்தில், அதே கடைக்குப் போன இருவரில் ஒருவர் ஒரு மங்கோடு எழுந்து வருகிறார், மற்றவரால் முடியவில்லை. ஏன்? இவருக்குத் தைரியம் குறைவு, பக்தி குறைவு என்றே நெடுங்காலம் சொல்லிவந்தோம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்கு வியாபாரியும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவரும் குடியால் நொந்தவர்கள். ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தோடு பழகியவர்கள். குடியை அடக்கும் சக்தி தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொள்வதையே முதல் படியாக வைத்து அவர்கள் தொடங்கிய சங்கம் உலகெங்கும் பரவியது. 1956-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடியடிமைத்தனத்தை நோய் என்று ஏற்றது. அப்படிப்பட்டவருக்கு மட்டு என்று ஒன்று இல்லை. முதல் மங்கையே தொடக்கூடாது.

மட்டசனத்தைப் போதித்த திருச்சபையும் இதை ஏற்றுக்கொண்டது. குடிநோய்க்கு ஆளான குருவானவர் ஆயரின் அனுமதி பெற்று, புளிக்கத் தொடங்கியதுமே நிறுத்தப்பட்ட, போதை ஏறாத திராட்சைச் சாற்றைக் கொண்டு பூசை செய்யலாம் என்பதை வத்திக்கானின் 2003-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று தெளிவாக்கியது. பூசையிலேயே அவருக்கு விலக்கு உண்டென்றால், கலியாண வீட்டில் நம் மாமனோ மச்சானோ கண்ணாடிக் குவளையைத் தள்ளிவைக்கும்போது, "ஒரு வாய்தானே, மாப்பிள்ளை" என்று வற்புறுத்த நமக்கு என்ன இருக்கிறது?

ஒரு செய்தியைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். சிலுவை முன்னோ மாரியம்மன் முன்னோ சத்தியம் வாங்கிக்கொண்டு, ஆளை வீட்டில் வைத்துப் பூட்டும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. பல ஆண்டுகள் அன்றாடம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். சத்தியம் பிறகு இருக்கட்டும். முதலில் அவரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எத்தனை ஆண்டுகளாக, தினம் எவ்வளவு என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.