போர்வீரர் கல்லும் நோன்பிருந்தார் கல்லும்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம், ஒரு போர் நினைவுச் சின்னத்தின் முன் எந்த மனநிலையில் நிற்பது? பொம்மிடியிலிருந்து புதுச்சேரிக்குச் சென்று, கடற்கரைச் சாலையில் நின்றபோது என்னுள் எழுந்த வினா இது.

அங்குள்ள பிரெஞ்சுப் போர் நினைவகம் 1938இல் திறந்துவைக்கப்பெற்றது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப்போரில், பிரான்சு நாட்டிற்காகப் போரிட்டு மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவாக எழுந்தது. நெடிய தூண்களின் நடுவே ஒரு வீரனின் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் சூலை 14ஆம் நாள், பிரெஞ்சுத் தேசியத் திருநாளையொட்டி, அதனை விளக்கொளியால் அணிசெய்கின்றனர். அருகிலேயே 1836இல் ஒளியேற்றப்பெற்ற பழைய கலங்கரை விளக்கமும் உள்ளது.

போரில் பட்டோர்க்குக் கல்நாட்டுவது தருமபுரிப் பகுதியினராகிய நமக்குப் புதிதன்று. ஆநிரை காத்து வீழ்ந்த வீரர்களின் நடுகற்கள் நம் மாவட்டமெங்கும் கிடைத்துள்ளன. தன்னுயிரைப் பிறர்க்காக ஈந்தவனை மறவாதிருத்தலே இரண்டிற்கும் அடிப்படை. ஆதலின் அங்கே தலைவணங்கினேன். அவ்வணக்கம் மாண்டவர்க்கு உரியது, போருக்கு உரியதன்று.

நினைவகத்திற்கு எதிரே கடலோரமாக அகிம்சையைப் போற்றிய காந்தியடிகளின் சிலை. அதனைச் சூழ்ந்துள்ள கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொணரப்பட்டவை. செஞ்சி என்றதும் என் நெஞ்சம் திருநாதர்குன்றை நாடியது. அங்கே ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் திருவுருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகையைக் குறிக்கும் கல்வெட்டும் அங்குண்டு. அது கி.பி. 6ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படுகிறது. 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரர்க்கும் அங்கே கல்வெட்டு உண்டு.

நிசீதிகையும் ஒரு வீரக்கல்லே. எவ்வுயிரையும் வெல்ல எண்ணாது, தம் வினைகளையே பகையாகக் கொண்டு போரிட்டவரின் வெற்றியை அது சொல்கிறது. 'ஜினர்' என்னும் சொல்லுக்கே வென்றவர் என்றுதானே பொருள்!

புதுச்சேரி நினைவகத்தைக் காண நாள்தோறும் மக்கள் திரள்கின்றனர். திருநாதர்குன்றுக்கு நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுள்ளோம்? மேல்சித்தாமூர் மடத்திற்குச் செல்லும் அன்பர்கள் அடுத்த முறை இக்குன்றிற்கும் சென்று, அவ்வெழுத்துகளைக் குழந்தைகளுக்குக் காட்டிப் பொருள் கூறுவார்களாக. படிப்பார் இல்லையேல் கல்லெழுத்தும் ஊமையாகிவிடும்.