மருத் விமானமும் ஒரு சாலையின் பெயரும்

பழைய மெட்ராஸ் சாலையிலிருந்து எச்.ஏ.எல். பக்கம் போகும் சுரஞ்சன் தாஸ் சாலையில் நம்மவர்கள் தினமும் போய் வருகிறோம். "யாருங்க அந்த தாஸ்?" என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. எனக்கு விடை சொன்னவர்கள், பழைய போர் விமானங்களைப் படமெடுத்து, எண்ணைக் குறித்து, வரலாறு தேடும் ஆர்வலர்கள்தான்.

ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான எச்.எஃப்.-24 மருத், 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் தாஸ். மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. ஆனால் அந்த வடிவமைப்புக்கு ஏற்ற வலுவான எஞ்சின் கடைசிவரை அமையவில்லை. 1970 ஜனவரி 10 அன்று, எஞ்சின் திறனைக் கூட்டிய மருத்தைச் சோதித்தபோது தாஸ் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே ராஜஸ்தான் எல்லைப் போரில் மருத் பங்கேற்றது. 1990இல் ஓய்வு பெற்றது.

எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் மருத் நிற்கிறது. பிள்ளைகள் அதன்முன் படமெடுக்கும்போது இந்தக் கதையையும் சொல்லுங்கள். எச்.ஏ.எல்.லில் உழைத்த நம்ம தாத்தாக்களின் பழைய படங்கள் வீட்டிலிருந்தால், பின்பக்கம் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் நாளைக்கு யாருக்கும் பேசாது.